சோபாவின் பின்னால் கிடந்த கொழுந்து

“உங்க பையையும் கொஞ்சம் திறந்து காட்டுங்க, மேடம்.”

வேலைக்குச் சேர்ந்த அன்றே பிரேமினியை நிற்க வைத்து முதலாளி கனகலிங்கம் இரண்டு விஷயங்களைப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். வாடிக்கையாளரிடம் சொந்த ஊர் எதுவென்று கேட்கக்கூடாது. வாடிக்கையாளரின் பையில் கை வைக்கவோ, திறக்கச் சொல்லவோ எந்தக் காலத்திலும் கூடாது. முதலாவதை அவள் மீறியதில்லை. இரண்டாவதை இப்போது, முதலாளி எதிரில் நிற்கும்போதே மீறிவிட்டாள்.

ஹட்டன் பிரதான வீதியில் இருந்த அந்தப் பயண முகவர் நிலையத்தில் எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். வெளியே மழை. உள்ளே மின்சாரம் இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த செல்வமலர் தன் தோல்பையை மடியோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். சாயமிட்ட கூந்தலை முன்பக்கமாக இழுத்து வாரி, மெல்லிய கம்பளி போர்த்தியிருந்தார்.

“என்ன பேச்சு இது?” என்று அவருடைய கணவர் ஜெயகாந்தன் எழுந்தார். “நாங்க யாருன்னு தெரிஞ்சுதான் பேசுறியா?”

“என் பையை இந்த மேசையில கொட்டுனப்ப நீங்க வேடிக்கைதானே பாத்தீங்க. நான் யாருன்னு தெரிஞ்சுதான் கொட்டுனாங்களா?”

அது உண்மை. ஐந்து நிமிடத்துக்கு முன்புதான் கனகலிங்கம் அவள் பையைத் தலைகீழாகக் கவிழ்த்திருந்தார். தேங்காய்ச் சம்பல் எண்ணெய் கசிந்த ரொட்டிப் பொட்டலம், பஸ் சீசன் சீட்டு, பழைய செய்தித்தாளில் அவள் மடித்து மறைத்து வைத்திருந்த மாதவிடாய்த் துணிப்பட்டை, எல்லாம் அவள் இருக்கைக்கு முன் இருந்த கண்ணாடி மேசையில் பரந்து கிடந்தன. அதில் செல்வமலரின் பாஸ்போர்ட் மட்டும் இல்லை. கூட வேலை செய்யும் கிஷாந்த் தலையைத் திருப்பிக்கொண்டான். அவன் திருப்பிக்கொண்டதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள். பேராதனைப் பல்கலைக்கழகம் வரை போய் வந்த பிள்ளைக்கு வெட்கம் இப்படியும் வரும் என்று யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

பொலிசைக் கூப்பிட்டால் கடைப் பெயர் கெட்டுப்போகும் என்று முதலாளி மேல்மாடியிலிருந்து ரோகினியை அழைத்திருந்தார். அங்கேயிருந்த காப்புறுதி நிறுவனத்தில் இழப்புகளை விசாரிக்கும் அதிகாரி. யாழ்ப்பாணத்துக்காரி. நாற்பது வயதுக்குள் நூறு பொய்த் தீயையும் இருநூறு பொய்த் திருட்டையும் பார்த்த சலிப்பு அவள் முகத்தில் நிரந்தரமாகக் குடியிருந்தது. அவள் இவ்வளவு நேரமும் படிக்கட்டின் கடைசிப் படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ஒருதற்ற பையும் இப்ப திறக்க வேண்டாம்,” என்றாள் ரோகினி. “பிரேமினி, அந்தச் சாமான்களை அள்ளி வையும். பிறகு காலமையிலிருந்து நடந்ததை ஒண்டும் விடாமல் சொல்லும்.”

பிரேமினி சொன்னாள்.

ஜெயகாந்தன் வங்கியில் பெரிய பதவியிலிருந்து ஓய்வுபெற்றவர். நுவரெலியாவில் வீடு. கணவனும் மனைவியும் விடியற்காலையில் ஏரியைச் சுற்றி ஓடுவார்கள், ஞாயிறுகளில் மலை ஏறுவார்கள். ஜனவரிப் பனியில் புல் கருகும்போது எங்காவது வெயிலடிக்கும் கடலில் கப்பல் பயணம் போக வேண்டும் என்று வந்திருந்தார்கள். பிரேமினி மூன்று பயணங்களை எடுத்து வைத்தாள். முதலாவது, ஆட்டமும் பாட்டமுமாகப் பல துறைமுகங்களைத் தொடும் பெரிய கப்பல். இரண்டாவது, கொழும்பிலிருந்து மாலைதீவுப் பக்கம் போய்த் திரும்பும் சிறிய கப்பல். மேல்தளத்தில் ஓடுபாதை, இறங்கி நீந்தலாம், மற்ற நேரம் சாய்வு நாற்காலிதான். மூன்றாவது, கேரளக் கரைக்குப் போய், இறங்கி, மலையேறி, ஒரு நாள் இரவு தேயிலைத் தோட்டத்தில் தங்குவது.

செல்வமலர் கேட்டது ஒன்றுதான். கொஞ்சம் வெயில், கொஞ்சம் கடல், கையைக் காலை ஆட்டாமல் கிடக்க ஒரு இடம். ஆனால் சும்மா கிடந்தால் ஜெயகாந்தனுக்கு உடம்பில் எறும்பு ஊரும். அவர் மூன்றாவதைப் பிடித்துக்கொண்டார். அவருடைய நடைக் கழகத்து நண்பர்கள் மூன்று ஜோடியும் அதற்குத்தான் வருகிறார்களாம். தோட்டத்தில் போட்டி உண்டு. பெண்கள் தலையில் கயிறு மாட்டிக் கூடை சுமந்து, இடுப்பில் சாக்குக் கட்டி, யார் அதிகம் கொழுந்து பறிப்பது என்று பார்ப்பார்கள். படம் எடுத்துத் தருவார்கள். மனைவியின் பெயரை அவர் ஏற்கெனவே கொடுத்துவிட்டார்.

“அதுக்கு மேடம் என்ன சொன்னவா?” என்று கேட்டாள் ரோகினி.

“ஒண்ணும் சொல்லல. தண்ணி கேட்டாங்க.”

அதன் பிறகு மின்சாரம் போனது. இந்திய விசாவுக்காகப் பாஸ்போர்ட்டுகளை ஸ்கேன் செய்யும் வேலை பாதியில் நின்றது. இரண்டும் நடு மேசையில் இருந்தன. முதலாளி பாட்டரியைப் பார்க்க உள் படிக்கட்டால் மேலே போனார். கிஷாந்த் எதிர்க் கடைக்குத் தேநீர் வாங்க ஓடினான். ஜெயகாந்தன் தொலைபேசியில் பேசியபடி முன் வாசலில் மழைச் சாரலில் உலாத்தினார். செல்வமலர் சோபாவில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். பிரேமினி விண்ணப்பத்தைப் பிரதி எடுக்கப் பக்கத்துத் தெருவில் ஜெனரேட்டர் இருந்த கடைக்குப் போய் நனைந்து திரும்பினாள். அவள் வந்து உட்கார்ந்த பிறகுதான் மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். அப்போது மேசையில் ஒரு பாஸ்போர்ட்தான் இருந்தது.

“முதல்ல உள்ளுக்க வந்தது ஆர்? இவள்தானே,” என்றார் கனகலிங்கம். “இதுக்கு மேல என்ன விசாரணை?”

ரோகினி கதவுப் பக்கம் போனாள். வாசலில் குந்தி உட்கார்ந்து தரையைப் பார்த்தாள். மிதியடியில் செம்மண் அப்பியிருந்தது. அங்கிருந்து பிரேமினியின் இருக்கை வரை சேற்றுச் செருப்பின் அடையாளங்கள் சுவரோரமாகப் போய் முடிந்தன. கிஷாந்தின் சப்பாத்துச் சேறு தேநீர்த் தட்டு இருந்த முன் மேசை வரை. ஜெயகாந்தனின் வெள்ளை ஓட்டச் சப்பாத்துச் சேறு, கதவுப் பக்கத்து நாற்காலியோடு நின்றது. நடு மேசை வெளிர் நிறக் கம்பளத்தின் மேல் இருந்தது. அந்தக் கம்பளத்தில் ஒரு பொட்டு மண் இல்லை.

பிறகு அவள் சோபாவின் பக்கம் போனாள். அங்கே ஒரு வெள்ளைத் தொட்டியில் தேயிலைச் செடி. வெளிநாட்டுக்காரர்கள் படம் எடுப்பதற்காக முதலாளி வைத்தது. ரோகினி நெடுநேரம் அதைப் பார்த்தாள்.

“இது எப்பவும் இப்பிடி மொட்டையாத்தான் இருக்குமா?”

பிரேமினி அருகே வந்தாள். காலையில் அவள்தான் ஈரத் துணியால் அந்த இலைகளைத் துடைத்தாள். அப்போது செடி பச்சைப் பிள்ளையின் தலைமுடி போலத் தளிர்த்துக் கிடந்தது. இப்போது சோபாவை ஒட்டிய பக்கம் மட்டமாக, கத்தரித்து விட்டதுபோல் இருந்தது. சுவர்ப் பக்கத்தில் மட்டும் தளிர் மிச்சம்.

ரோகினி சோபாவை முன்னால் இழுக்கச் சொன்னாள். சுவருக்கும் சோபாவுக்கும் நடுவில் கொழுந்து கிடந்தது. கைப்பிடி கைப்பிடியாக வந்து விழுந்து சிதறியது போல. இரண்டு இலையும் ஒரு மொட்டும். ஒன்றில்கூட முற்றிய இலை இல்லை, காம்பு நீளமில்லை.

“பாத்தீங்களா,” என்றார் கனகலிங்கம். குரலில் வெற்றி. “தோட்டத்து லயத்துக் கை. வேற ஆருக்கு இப்பிடிக் கிள்ளத் தெரியும்? ஒளிச்சு வைக்க இடம் தேடிக்கொண்டு சோபாவுக்குப் பின்னால நிண்டிருக்கிறாள்.”

கிஷாந்த் மெதுவாகச் சிரித்தான். “டிகிரி முடிச்சாலும் கை பெரட்டுக்குப் போகுது போல.”

விடியலில் ஆள் கணக்கு எடுக்கும் அந்தப் பெரட்டுக் களத்தை அவன் கண்டதே இல்லை. கினிகத்தேனையில் கடை வைத்த குடும்பம். பிரேமினிக்குக் கோபம் வந்தது. ஆனால் அதைவிட வேகமாக வேறொன்று வந்து அதை அமுக்கியது. அந்தக் கொழுந்து முதுகுக்குப் பின்னால் விழுந்திருந்த விதம் அவளுக்குத் தெரியும். உள்ளங்கை நிறைந்ததும் திரும்பிப் பார்க்காமல் தோளுக்கு மேலாகக் கூடைக்குள் வீசுவது. அம்மா வீட்டில் கீரை ஆயும்போதுகூடச் சில வேளை கை அப்படிப் போய்விடும், தானே சிரித்துக்கொள்வாள்.

அவள் நிமிர்ந்தாள். சோபா இழுத்ததில் எழுந்து நின்ற செல்வமலர் ஜன்னலோரம் குனிந்து பையின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். மழை வெளிச்சம் உச்சந்தலையில் நேராக விழுந்தது. முன்னால் இழுத்து வாரிய கூந்தலுக்கு அடியில், ஒரு காதிலிருந்து மறு காதுக்குப் போகும் பள்ளம். அந்தக் கோட்டில் முடி அடர்த்தியாக இல்லை. எத்தனை சாயம் இட்டாலும் கூடைக் கயிறு பதிந்த தடம் போகாது. பிரேமினி தன் அம்மாவின் தலையில் அதே தடத்துக்கு எண்ணெய் தேய்த்து வளர்ந்தவள்.

“உமக்கு என்னவோ விளங்கியிட்டுது போல?” என்றாள் ரோகினி தாழ்ந்த குரலில்.

“இல்லீங்க அக்கா,” என்றாள் பிரேமினி.

ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அவள் திருடி இல்லை என்று ஆகிவிடும். அந்த வாக்கியம் நாக்கின் நுனியில் இருந்தது. ‘இந்த மேடமும் எங்க மாதிரிதான்.’ அதைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு ஆசை வந்ததோ அவ்வளவு கூச்சமும் வந்தது. அந்த வார்த்தை ஒரு குற்றச்சாட்டுப் போலத்தான் இந்த அறையில் விழும். தன் தாயின் தொழிலைக் கல்லாக எடுத்து இன்னொரு பெண்ணின் மேல் எறிவதா?

ரோகினி எல்லோரையும் கம்பளத்தைச் சுற்றி நிற்கச் சொன்னாள்.

“எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றன். பிழையெண்டால் திருத்துங்கோ,” என்று தொடங்கினாள். “களவெடுக்க வந்தவன் ரெண்டு பாஸ்போர்ட்டையும் எடுப்பான். ஒண்டை மட்டும் எடுத்தது, அந்த ஒருத்தர் பயணம் போகக்கூடாது எண்டு நினைச்ச ஆள். அது முதலாவது. ரெண்டாவது, மழைக்குள்ள போய் வந்த மூண்டு பேரின்ர சேறும் கம்பளத்துக்கு வெளியில நிண்டிட்டுது. மேசைக்குக் கிட்டப் போனது காய்ஞ்ச கால். இங்க காய்ஞ்ச காலோட இருந்தது ரெண்டே பேர். மேல போய் வந்த முதலாளி. சோபாவில இருந்த மேடம்.”

“என்னையே சொல்றீரா?” என்றார் கனகலிங்கம். “கடை என்ர.”

“கால் உங்கட. அதைத்தான் சொல்றன். மூண்டாவது, சோபாவில இருந்தவருக்குக் கொழுந்து கிள்ளிப் பழக்கம் இருக்கு. மறைக்க நினைச்சுச் செய்த வேலையில்லை இது. மனம் எங்கேயோ கிடக்க, கை தன்ர பாட்டில செய்தது. சரி, சந்தேகம் வேண்டாம். எல்லாரும் சுவர்ப் பக்கத்தில ஒரு கொழுந்து கிள்ளுங்கோ பாப்பம். பிரேமினி, நீர் முதல்.”

பிரேமினி செடியின் முன் நின்றாள். எத்தனையோ ஆயிரம் செடிகளுக்கு நடுவில் பிறந்தவள். தளிரைப் பிடித்து இழுத்தாள், வரவில்லை. நகத்தை வைத்து அழுத்தினாள். காம்பு நார்நாராகப் பிய்ந்து, கூடவே ஒரு முற்றிய இலையும் வந்தது.

“எங்கம்மா கொழுந்து மலைக்குள்ள கால் வைக்க விடமாட்டாங்க,” என்றாள், யாரையும் பார்க்காமல். “செடியைத் தொட்டா கையில அடிப்பாங்க. புத்தகத்தைத் தொடுன்னு.”

கிஷாந்த் கிள்ளியபோது ஒரு கொத்து உருவிக்கொண்டு வந்தது. முதலாளி ஆத்திரத்தில் ஒரு கிளையையே முறித்தார். செடி அவருடையது என்பதால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

“மேடம்,” என்றாள் ரோகினி.

ஜெயகாந்தன் குறுக்கே வந்து நின்றார். அவர் இவ்வளவு நேரமும் சோபாவின் பின்னால் கிடந்த கொழுந்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதைப் பிரேமினி கவனித்திருந்தாள். அதைப் பார்த்தார், மனைவியின் கைகளைப் பார்த்தார், பிறகு எதையும் பார்க்காமல் கடிகாரத்தைத் தடவினார். அவருக்கு எல்லாம் தெரியும்.

“அவங்களுக்கு இதெல்லாம் பழக்கமில்ல,” என்றார். “கண்டிப் பக்கத்துப் பெரிய குடும்பம். விடுங்க, பாஸ்போர்ட் புதுசா எடுத்துக்கலாம், பயணத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம். பொலிஸ் ஒண்ணும் வேணாம். அந்த லயத்துப் பொண்ணை மட்டும் அனுப்பிடுங்க. அது போதும் எனக்கு.”

“சரி சேர், அப்பிடியே செய்வம்,” என்றார் கனகலிங்கம், அவசரமாக.

ரோகினி வாயைத் திறந்தாள். அதற்குள் செல்வமலர் கணவரைத் தாண்டி நடந்தார். பையைத் தரையில் வைத்தார். போர்த்தியிருந்த கம்பளியை எடுத்து நாற்காலியில் போட்டார். தொட்டியின் முன் நின்றதும் அவர் நின்ற விதமே மாறியது. இடுப்பு சற்றுச் சாய்ந்தது, கழுத்து விறைத்தது. இரண்டு கைகளும் ஒரே சமயத்தில் செடிக்குள் போயின. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் எதையும் பிடுங்கவில்லை. தளிர்கள் தாமாகவே கழன்று அந்தக் கைகளுக்குள் போவதுபோல் இருந்தது. மொட்டில்லாத முற்றல் ஒன்றைக்கூட அந்த விரல்கள் தொடவில்லை. உள்ளங்கை நிறைந்ததும் வலக்கை தோளுக்கு மேலாகப் போய் வீசியது.

கொழுந்து ஜெயகாந்தனின் நெஞ்சில் பட்டுச் சிதறி அவருடைய வெள்ளைச் சப்பாத்தின் மேல் விழுந்தது.

“வட்டவளைப் பக்கம் எங்க தோட்டம்,” என்றார் செல்வமலர். “பதினாறு வயசுல கொழுந்து பறிக்கப் பேரு பதிஞ்சேன். இவுங்க வந்து கட்டிக்கிட்டுப் போற வரைக்கும் கூடைதான்.”

ஜெயகாந்தன், செல்வி, என்று மெதுவாக அழைத்தார்.

“இருங்க. முப்பது வருசமா நீங்க சொல்லச் சொன்னதைத்தான் சொன்னேன். கண்டின்னா கண்டி. டீச்சர் மகள்னா டீச்சர் மகள். எங்கம்மா செத்த வீட்டுக்குக்கூட ஆளோட ஆளா நின்னுட்டு வந்தேன். சும்மா வெயில்ல கெடக்கணும்னு ஒரு ஆசை கேட்டேன். அதுக்கு எனக்கு மறுபடி கூடை வாங்கித் தர்றீங்க. உங்க கூட்டாளி பொண்டாட்டிங்க மத்தியில நான் பறிக்கத் தெரியாத மாதிரி நடிக்கணும், சிரிக்கணும், படத்துக்கு நிக்கணும். என் கை நடிக்காதுங்க. இப்பப் பாத்தீங்கல்ல.”

பையைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து நடு மேசையில் வைத்தார். போகமாட்டேன் என்று சொன்னால் நண்பர்களுக்கு என்ன காரணம் சொல்வது என்று இவர் கேட்பார், அதனால்தான் எடுத்தேன் என்றார். அந்தப் பிள்ளையின் பையைக் கொட்டியபோதே சொல்லியிருக்க வேண்டும், வாய் வரவில்லை, அந்த வெட்கம் சாகும்வரை தனக்கு இருக்கும் என்றார். பிறகு கதவில் ஒட்டியிருந்த விளம்பரத்தைக் காட்டினார். பெரிய எழுத்தில் இருந்தது: ‘ஒரு நாள் கூடை சுமந்து பாருங்கள். சுமை அல்ல, சுகம்.’

“இதை எழுதினது யாரு?”

கிஷாந்த் பிரேமினியைப் பார்த்தான்.

“நான்தாங்க,” என்றாள் பிரேமினி.

செல்வமலர் அவளைக் கோபமாகப் பார்க்கவில்லை. அப்படிப் பார்த்திருந்தால் பதிலுக்குப் பதில் சொல்லியிருப்பாள்.

“ஒங்கம்மா இப்ப எங்க இருக்காங்க?”

“மலையில. மழைன்னாலும் நிப்பாங்க.”

“அவங்களுக்கு இதை வாசிச்சுக் காட்டுனியா?”

முதலாளி எழுதச் சொன்னார், எழுதினேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த இரண்டு வரியை எழுதி முடித்த மாலையில் தனக்கு ஒரு பெருமை வந்ததும், மோனை நன்றாக விழுந்திருக்கிறது என்று கிஷாந்திடம் காட்டிச் சிரித்ததும் அவளுக்கு நினைவிருந்தது. பையைக் கொட்டியபோது முகத்தில் ஏறிய சூடு வேறு. இது வேறு. அது பிறர் பூசியது, துடைத்துக்கொள்ளலாம். இதை அவளே அரைத்துப் பூசியிருந்தாள். அவள் தலையை ஆட்டினாள், இல்லை என்று.

அந்த நொடியிலேயே அவள் முடிவு செய்துவிட்டாள். மற்றதெல்லாம் மிச்ச வேலை.

கனகலிங்கம் நிலைமையைச் சமாளிக்கத் தொடங்கியிருந்தார். நல்ல வேளை, பொருள் கிடைத்துவிட்டது, மனிதர்களுக்குள் இதெல்லாம் சகஜம், பிரேமினி மனதில் வைத்துக்கொள்ளக்கூடாது, மேடம் விரும்பினால் அந்தக் கொழுந்துப் போட்டியிலிருந்து பெயரை மட்டும் எடுத்துவிடலாம். விளம்பரத்தை எடுக்க முடியாது, அது நன்றாக ஓடுகிறது.

பிரேமினி அவரைப் பார்க்காமல் இரண்டாவது பயணத்தின் தாளை எடுத்து செல்வமலர் முன் வைத்தாள்.

“மாலைதீவுக் கப்பல் போங்க. வெயில் அடிக்கும், குளிராது. சேர் மேல்தளத்துல ஓடட்டும், நீந்தட்டும். நீங்க நாற்காலியில கிடங்க. போற வழியில யாரும் வேலை செய்யறதைக் காட்டி வேடிக்கை பாக்கச் சொல்ல மாட்டாங்க. நான் தேடுன மூணுல உங்களுக்கானது இதுதான். முதல்லயே சொல்லியிருக்கணும். சேருக்குப் பிடிச்சதைப் பேசி வித்துட்டேன்.”

செல்வமலர் தாளை வாங்கிக்கொண்டார். ஜெயகாந்தன் குனிந்து, சப்பாத்தின் மேல் கிடந்த கொழுந்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். எங்கே போடுவது என்று தெரியாமல் உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“அப்ப நாளைக்கு வழக்கம்போல வா,” என்றார் கனகலிங்கம். “விசா வேலை கிடக்கு.”

பிரேமினி சால்வையைத் தோளில் போட்டாள். மன்னிப்பு என்று கிஷாந்த் என்னவோ தொடங்கினான். அவள் நிற்கவில்லை. படிக்கட்டின் அடியில் ரோகினி வழிவிட்டு ஒதுங்கினாள்.

“உமக்கு முதலே தெரியும்,” என்றாள் ரோகினி. “ஏன் சொல்லேல்லை?”

“சொல்லணும்னு ஆசைப்பட்டேங்க அக்கா. அதான் சொல்லல.”

ரோகினி ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தாள். வேறு வேலை பார்த்து வைத்திருக்கிறாளா என்று கேட்டாள். இல்லை, ஆனால் இங்கே இனி வரமாட்டேன் என்றாள் பிரேமினி. வீட்டில் என்ன சொல்வாய் என்று கேட்டாள். என்ன எழுதினேனோ அதை முதலில் அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்றாள்.

கதவைத் திறந்தபோது மழை சரிந்து உள்ளே அடித்தது. பின்னாலிருந்து முதலாளி, குடை கொண்டு போ பிள்ளை, என்று கூப்பிட்டார். அவள் நடைபாதையில் இறங்கி பஸ் நிலையத்தின் பக்கமாக நடந்தாள்.